இரண்டாவது சுற்றுக் காபி

பரணிலிருந்து மடக்கு நாற்காலிகளை இறக்குவது ரூலியின் வேலை. பிறந்தநாள் அவள் கணவன் ஹார்முக்கு. நாற்காலிகளும் அவன் வாங்கியவைதான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து இறக்குவது அவள்தான். ஏணியைப் போல நிமிர்ந்து நிற்கும் படியில், ஒரு தோளில் நாற்காலிகளை மாட்டிக்கொண்டு, மறு கையால் கைப்பிடியைப் பற்றியபடி பின்பக்கமாக இறங்க வேண்டும். அன்று அவள் கைப்பிடியைப் பிடிக்கவில்லை. படிக்குப் படி நாற்காலிக் கால்கள் சுவரில் இடித்தன. இடிக்கட்டும் என்றுதான் இறங்கினாள்.

"சுவரெல்லாம் பெயருது, ரூலி," என்றான் ஹார்ம். அவன் சமையலறையில் கேக் டப்பாவின் கயிறை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"பெயரட்டும். உன் பொறந்தநாள்தானே? நீயே பூசிக்க."

கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டாள். எங்கள் பக்கத்தில் பிறந்தநாள் என்றால் இந்த வட்டம்தான். உறவும் தெருவும் முழங்காலோடு முழங்கால் முட்ட உட்காரும். வந்தவர்கள் வட்டம் முழுக்கச் சுற்றி, பிறந்தநாள்காரனுக்கு மட்டுமல்ல, அவன் மனைவிக்கு, அத்தைக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று எல்லாருக்கும் கைகொடுத்து வாழ்த்துவார்கள். முதல் சுற்றுக் காபியோடு கேக். பிறகு இரண்டாவது சுற்றுக் காபி. அதற்கப்புறம்தான் பீர், சீஸ், காய்ந்த சாசேஜ். இரண்டாவது காபியைக் கொடுக்காமல் இருப்பது, கிளம்பு என்று விருந்தாளியின் மேல்கோட்டை எடுத்துக் கையில் கொடுப்பதற்குச் சமம்.

கடைசி நாற்காலியையும் வைத்துவிட்டு எதிரே நின்று பார்த்தாள். காலி நாற்காலி. அவளைப் பார்த்தபடி நின்றது. காலால் அதை ஒரு உதை விட்டாள்.

ஹார்ம் எட்டிப் பார்த்தான். "நாற்காலிகிட்ட சண்டை போடத்தான் ஆஸன் டவுன் வரைக்கும் காரோட்டிக்கிட்டுப் போறியா? இங்கயே ஒரு வண்டி நாற்காலி கெடக்குதே. பெட்ரோல் செலவாவது மிச்சம்."

அவள் உதைத்த நாற்காலியை நேராக்கினாள்.

"இல்ல, வியாழக்கிழமை உனக்குக் கார் வேணுமான்னு கேட்டேன். வேணாம்னா நான் விறகு எடுத்துட்டு வந்துடுவேன்," என்றான். பிறகு, "நிறுத்திடேன் ரூலி. உனக்குத்தான் புடிக்கலையே. புடிக்காதத எதுக்குச் செய்யணும்?" என்றான்.

அவள் மேசைவிரிப்பை உதறினாள், அவன் முகத்துக்கு நேராக.

ரூலிக்கு ஐம்பத்தாறு வயது. வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடை மாட்டி, கால் வீங்காமல் இறுக்கிப் பிடிக்கும் அந்த நீளக் காலுறைகளை ஏற்றிவிடும் வேலை. மழையோ காற்றோ, காலை ஏழு மணிக்கு அவள் சைக்கிள் எங்கள் தெருமுனையைத் திரும்பும். பேச்சு சத்தமாக இருக்கும். யாராவது படுத்துக்கிடந்தால் முதல் சூப்புப் பாத்திரம் அவள் வீட்டிலிருந்துதான் வரும். ஆனால் அவள் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. பிறந்தநாள் வட்டங்களில் அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டிருக்கும், அது கடைசிவரை காலியாகவே இருக்கும். "இதோ வந்துட்டேன்" என்று சமையலறையிலிருந்து குரல் மட்டும் வரும்.

போன வருடம் மார்ச்சில் அவள் அப்பா செத்துப்போனார். கணையத்தில் புற்றுநோய். வலி எல்லை மீறியபோது, ஊசி போட்டு உயிரை முடித்துவைக்கச் சொல்லி அவரே டாக்டரிடம் கேட்டார். எங்கள் நாட்டில் சட்டம் அனுமதிப்பதுதான். எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் அப்படிப் போயிருக்கிறார்கள். இன்னொரு டாக்டரும் வந்து பார்த்துச் சரியென்ற பிறகு, நாள் குறிக்கும் பேச்சு வந்தது. அப்பா ரூலிக்குத் தொலைபேசியில் சொன்னார்: "செவ்வாய்க்கிழமை வெச்சுக்கலாம்னு இருக்கேன். டாக்டருக்கு அன்னிக்கு மத்தியானம் தோதுப்படுது. லம்மர்ட்டும் திங்கக்கிழமை பனிச்சறுக்கு முடிச்சு வந்துடுவான். நீ வரும்போது நல்ல கேக்கா ஒண்ணு வாங்கிட்டு வா. கடைசிக் கேக்கு, கஞ்சத்தனம் பண்ணாத."

லம்மர்ட் அவளுடைய அண்ணன். ஆல்ப்ஸ் மலையில் அவன் சறுக்கி முடிக்கும்வரை அப்பா வலியோடு காத்திருந்தார். அதற்காகவும் ரூலிக்குக் கோபம் உண்டு. ஆனால் அது அவளுடைய கோபங்களில் சின்னது.

அந்தச் செவ்வாய்க்கிழமை, எங்கள் தெருவிலேயே இருந்த அப்பாவின் வீட்டில், அவர் கட்டிலைக் கூடத்தில் போட்டிருந்தார்கள். டாக்டர், லம்மர்ட், அவன் மனைவி டீனி, ஹார்ம், ரூலி. கேக் வெட்டினார்கள், அப்பாவும் கிரீமை மட்டும் வழித்துச் சாப்பிட்டார். முதல் சுற்றுக் காபி முடிந்தது. கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு ரூலி சமையலறைக்குப் போனாள். டாக்டர் நகரத்திலிருந்து வந்தவர். ஒரு கோப்பையோடு அவரை எப்படி வேலை செய்யச் சொல்வது? தண்ணீர் கொதித்தது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுச்சுவரில் பாத்திரம் நீட்டுவதற்கு ஒரு சின்னச் சதுரத் திறப்பு உண்டு. எங்கள் தெரு வீடுகள் எல்லாமே ஒரே அச்சு, எல்லா வீட்டிலும் அது இருக்கிறது. அதன் வழியாக டாக்டரின் குரல் கேட்டது. "எல்லாரும் இருக்காங்களா?"

அப்பாவின் குரல்: "எல்லாரும் இருக்காங்க. ஆரம்பிங்க."

ரூலி தட்டோடு வந்தபோது டீனி அழுதுகொண்டிருந்தாள். லம்மர்ட் அப்பாவின் கையைப் பிடித்திருந்தான். அது கையாக மட்டும் இருந்தது; அப்பா போய்விட்டிருந்தார்.

அதற்குப் பிறகு எல்லாரும் சொன்னார்கள்: அழகான சாவு. அமைதியான சாவு. ரூலியும் தலையாட்டினாள். பல மாதம் ஆட்டினாள். பிறகு ஒருநாள் வேலையிடத்துக் கூட்டத்தில், அவள் கோட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே மேற்பார்வைப் பெண் தலைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எல்லாரும் வந்தாச்சு, ஆரம்பிக்கலாமா?" என்றாள். ரூலி மேசையிலிருந்த காபி பிளாஸ்கை எடுத்துச் சுவரில் அடித்தாள். யார் மேலும் படவில்லை. ஆனால் அன்றிலிருந்து விடுப்பு. திரும்ப அந்த வயதானவர்களிடம் போக வேண்டுமென்றால், முதலில் ஆஸனில் சைக்கிள் கடைக்கு மேலே அறை வைத்திருக்கும் மனநல ஆலோசகர் மார்லூஸிடம் போக வேண்டும்.

மார்லூஸ் அவள் எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டாள். அதில் அப்பா இருப்பதாக வைத்துக்கொண்டு பேசச் சொன்னாள்.

"அதுல யாரும் இல்ல," என்றாள் ரூலி முதல் நாள்.

"தெரியும். அதனாலதான் என்ன வேணா பேசலாம்."

இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது வாரம் திறந்தாள். கீழே கடைக்காரன் சைக்கிள் மணி அடித்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டானாம், அவ்வளவு சத்தம். நாற்காலியைப் பார்த்துக் கேக்கின் விலையைச் சொல்லிக் கத்தினாள். பனிச்சறுக்கைச் சொல்லிக் கத்தினாள். நான் உனக்கு ஆள் இல்லையா என்று கத்தினாள். வீட்டுக்கு வந்து ஒன்பது மணி நேரம் தூங்கினாள். இது பரவாயில்லை என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

போன வியாழக்கிழமைதான் வினை. மார்லூஸ் சொன்னாள்: "இப்ப எழுந்து அந்த நாற்காலியில போய் உக்காருங்க, ரூலி. நீங்க அப்பா. உங்க பொண்ணு இவ்வளவு நேரம் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

ரூலி எழவில்லை. கழுத்து சிவந்தது. "எனக்கு நாடகம் வராது."

"நடிக்க வேணாம். உக்காந்தா போதும்."

"செத்த மனுஷன் மடியில உக்காரச் சொல்றீங்களா? இதுக்கா படிச்சீங்க? என்ன நோண்டிப் பார்க்க உங்களுக்கு என்ன உரிமை?"

கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மார்லூஸ் மறிக்கவில்லை. கதவு வரை வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "நான் அவசரப்பட்டிருக்கலாம். அப்படின்னா அது என் தப்பு," என்றாள். "நிறுத்தணும்னா நிறுத்துங்க, உங்க மேல ஒரு குறையும் எழுத மாட்டேன். ஆனா ஒண்ணு யோசிச்சுட்டு நிறுத்துங்க. நான் உங்கள அவமானப்படுத்துற மாதிரி இருக்கா, இல்ல அந்த நாற்காலிகிட்டப் போகவே பயமா இருக்கா? மொதலாவதுன்னா வராதீங்க. ரெண்டாவதுன்னா வாங்க."

"எனக்குப் பயமா?" ரூலி படியிறங்கிக்கொண்டே கத்தினாள். "முப்பது வருஷமா பொணத்தக் குளிப்பாட்டியிருக்கேன்!"

கடைக்காரன் மறுபடி மணியடிப்பதை நிறுத்தினான்.

ஒரு வாரமாக அந்தக் கேள்வி செருப்புக்குள் புகுந்த கல்லாகக் கிடந்தது. அதைக் கேட்டவள் மேல் கோபம். நிறுத்திடு நிறுத்திடு என்று நயமாகச் சொல்லும் ஹார்ம் மேலும் கோபம். அவன் ஏன் இவ்வளவு அக்கறையாகச் சொல்கிறான் என்பது மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை.

மூன்று மணிக்கு வட்டம் நிறைந்தது. வந்தவர்கள் சுற்றிவந்து கைகொடுத்தார்கள். "ரூலி, உன் புருஷனுக்காக உனக்கு வாழ்த்து." "உங்களுக்கும்." "உங்களுக்கும்." ஹார்மின் அத்தை ஸ்வான்டிக்குக் காது மந்தம், பசி மந்தமில்லை. அவள் நல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். லம்மர்ட்டும் டீனியும் ஜன்னலோரம். பக்கத்து வீட்டுத் தம்பதி கதவோரம், அவர்களே இரவல் கொடுத்த நாற்காலிகளில். முதல் சுற்றும் கேக்கும் நல்லபடியாகவே போயின.

ரூலி இரண்டாவது சுற்றுக்கான காபிக் கூஜாவோடு உள்ளே வரும்போது டீனி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்க மாமனார் மாதிரிப் போகணும். அவ்வளவு அழகு. கேக்கு சாப்பிட்டுட்டு, சிரிச்சுப் பேசிட்டு, நாங்க எல்லாரும் சுத்தி இருந்தோம்."

"யாரெல்லாம்?" என்றாள் ரூலி.

"என்ன, யாரெல்லாம்?"

"சுத்தி இருந்தீங்களே, யார் யாருன்னு கேட்டேன். பேரச் சொல்லு, டீனி."

டீனி கணவனைப் பார்த்தாள். "ஏன், நாங்க, ஹார்ம், நீ... நீயும் வீட்டுக்குள்ளதானே இருந்தே."

"வீட்டுக்குள்ள பூனையும்தான் இருந்துச்சு."

"ரூலி," என்றான் லம்மர்ட் தாழ்ந்த குரலில், "இன்னிக்கு வேணாம். ஹார்மோட நாளு."

"சரி, உனக்கு எந்த நாளு தோது? பனிச்சறுக்கு எப்ப முடியுதுன்னு சொல்லிடு, அதுக்கேத்த மாதிரி வெச்சுக்கலாம்."

பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றிக்கொண்டார். டீனிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க, நான் சொல்றேன். கஷ்டமான நேரம்னா நீ சமையலறைக்குள்ள போயிடுவே. உங்கம்மாவ அடக்கம் பண்ண அன்னிக்கு, பெட்டிய இறக்கும்போது நீ எங்க இருந்தே? மண்டபத்துல ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கிட்டு இருந்தே. உங்கப்பாவுக்கு அவரு பொண்ணத் தெரியாதா? ஓடுறான்னு தெரிஞ்சுது. ஓடட்டும்னு விட்டாரு. அது பாசம். அதப் போயி ஒரு வருஷமா குத்தமா தூக்கிக்கிட்டு அலையுற."



"காபி இன்னும் இருக்காம்மா?" என்று ஸ்வான்டி அத்தை கோப்பையை நீட்டினாள்.

ரூலி ஊற்றினாள். கோப்பை நிரம்பி, தட்டும் நிரம்பும்வரை ஊற்றினாள். "போதும் போதும்," என்றாள் அத்தை, "பால் ஊத்த எடம் வேணாமா?"

"டாக்டருக்கு ரெண்டாவது காபி யாரு போடுறது?" என்றாள் ரூலி டீனியிடம். "அதுக்குப் பேரு ஓடுறதா? நான் போனேன், சரி. கூப்பிடத்தான் அங்க நாலு பேரு இருந்தீங்களே! ஒருத்தர் வாயிலயும் 'ரூலி'ன்னு ரெண்டு எழுத்து வரலையா? லம்மர்ட், நீ எதுக்கு இருந்தே? நாக்கையும் மலையிலயே விட்டுட்டு வந்துட்டியா?"

"என்ன மட்டும் சொல்லாத!" லம்மர்ட்டின் குரலும் ஏறியது. "அப்பா 'எல்லாரும் இருக்காங்க'ன்னு சொன்னதும் நான் ஹார்மத்தான் பார்த்தேன். உன் புருஷன் அவன்தானே, அவன் கூப்பிடுவான்னு நெனச்சேன். அவன் என்னப் பார்த்தான். அப்புறம் தரையப் பார்த்தான்."

ரூலி ஹார்மின் பக்கம் திரும்பினாள். இந்த ஒரு வருடத்தில் அப்பாமேல் கோபப்பட்டிருக்கிறாள், அண்ணன்மேல், டாக்டர்மேல், கேக்கின்மேல்கூட. ஹார்மைப் பற்றி யோசித்ததே இல்லை. அன்று இரவு அழுத அவளுக்கு முதுகு தேய்த்துவிட்டவன் அவன்.

ஹார்ம் எழுந்தான். "சீஸ் வெட்டணும்," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனான்.

அவள் பின்னாலேயே போவாள், பாத்திரம் உடையும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ரூலி கூஜாவைத் தரையில் வைத்தாள். வட்டத்தில் ஒரே ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது, எப்போதும்போல அவளுடையது, மத்தியானம் அவள் உதைத்தது. அதில் உட்கார்ந்தாள். மடக்கு நாற்காலி கிறீச்சென்றது.

உட்கார்ந்த இடத்துக்கு நேர் எதிரே சுவர்த் திறப்பு. அதற்குள் ஹார்மின் முதுகு தெரிந்தது. சட்டையின் நடுத் தையலிலிருந்து கழுத்து வரை நன்றாகத் தெரிந்தது. கத்தி பலகையில் படும் சத்தம் இல்லை. அவன் எதையும் வெட்டவில்லை. சும்மா நின்று, இங்கே பேசுவதை முதுகால் கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்பா வீட்டுக் கூடத்தில் அவர் கட்டிலும் இதே இடத்தில்தான் இருந்தது. தலையணை உயரமாக. திறப்புக்கு நேராக.

அப்படியானால் அவருக்கு அவள் முதுகு தெரிந்திருக்கும். தண்ணீர் கொதித்து அடங்கிய பிறகும் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்ற முதுகு. 'எல்லாரும் இருக்காங்க' என்று அவர் சொன்னதை அவள் கேட்டாள். தெளிவாகக் கேட்டாள். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். அவள் கொடுக்கவில்லை. அந்தச் சதுரத்துக்குள் அவளைப் பார்த்துக்கொண்டே அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டாரா, விட்டுவிட்டாரா?

தெரிந்தால் என்ன? பார்த்தவர் கூப்பிட்டிருக்கலாமே! கோபம் மறுபடி எழுந்தது. இந்த முறை அது யார்மேல் என்று பிரித்தெடுக்க முடியவில்லை. மார்லூஸ் அந்த நாற்காலியைக் காட்டியபோது கழுத்து சிவந்ததும் இதே சூட்டில்தான். அதில் போய் உட்கார்ந்தால் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். நீ ஏன் வரல?

"உக்காந்துட்டியே!" என்றாள் ஸ்வான்டி அத்தை வியந்து. "உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன், அத்தை. சாப்பிடுங்க."

டீனி எதையோ சொல்ல வந்தாள். "நீ பேசாத," என்றாள் ரூலி. "நீ சொன்னதுல பாதி உண்மை. அதனாலதான் உன்ன வெளியில போகச் சொல்லாம இருக்கேன்."

அதற்குப் பிறகு பீர் வந்தது, சீஸ் வந்தது, கோணல் கோணலாக. பக்கத்து வீட்டுக்காரர் மழையைப் பற்றிப் பேச, எல்லாரும் நன்றியோடு மழையைப் பிடித்துக்கொண்டார்கள். லம்மர்ட் போகும்போது தங்கையின் தோளில் கைவைத்தான். அவள் தட்டிவிடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

எல்லாரும் போன பிறகு ரூலி நாற்காலிகளை மடக்கினாள். ஒவ்வொன்றும் துப்பாக்கி வெடித்ததுபோல் மடங்கியது. ஹார்ம் பக்கத்து வீட்டு நாற்காலிகளைத் தனியே எடுத்து வைத்தான்.

"வியாழக்கிழமை கார் எனக்கு வேணும்," என்றாள்.

அவன் கை நின்றது. "போறியா? அவ உன்ன அழவெச்சு அனுப்புறான்னு நீதானே சொன்னே. தூங்க விடமாட்டேங்குறா, அவமானமா இருக்குன்னு."

"அவமானம்னு நான் சொல்லல. அது நீ சொன்னது. போறேன். போயி அந்த நாற்காலியில உக்காரப் போறேன். புடிக்கல. ஆனா உக்காருவேன்."

"சரி. விறகு வேற நாளு எடுத்துக்கலாம்."

"ஹார்ம்."

அவன் பக்கத்து வீட்டு நாற்காலியின் காலைத் துடைத்தான்.

"அப்பா பார்த்தாரோ இல்லையோ, அத நான் அங்க பேசிக்கிறேன். அவரு செத்துட்டாரு, அவருக்காக நான்தான் பதில் சொல்லணும். நீ உயிரோட நிக்கிற. உன் பதில நானே எதுக்குச் சொல்லணும்?" அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "லம்மர்ட் உன்னப் பார்த்தான். நீ தரையப் பார்த்தே. அங்கேருந்து சமையலறைக்கு எத்தன அடி? ஏன் என்னக் கூப்பிடல?"

"இதோ வந்துட்டேன்," என்று ஹார்ம் பக்கத்து வீட்டு நாற்காலிகளை இரண்டு அக்குளிலும் இடுக்கிக்கொண்டான். கதவுப் பிடியை முழங்கையால் அழுத்தித் திறந்து, பக்கவாட்டில் உடம்பை நுழைத்து, நாற்காலிக் கால்கள் நிலையில் இடிக்காமல் பார்த்துப் பார்த்து, வெளியே போனான்.